வேலூரில் இருந்தபடியே அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் மூழ்கிய மரக்கப்பலைத் தேட

பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடின. சிலவற்றுக்குப் பெயரே மாறியது. 1867 முதல் அமெரிக்க அரசு பதிவுக் கப்பல்களுக்கு எண் கொடுத்தது. நிலம் கைமாறினாலும் நம் பட்டாவில் சர்வே எண் நிற்பது போல, கப்பலின் பெயர் மாறினாலும் அந்த எண் நிற்கும். ஆண்டுதோறும் அச்சான வணிகக் கப்பல் பட்டியலில் எண், டன் கிடைக்கும். பிந்தைய பட்டியல்களில் கட்டிய ஊரும் நீள அகலமும் உண்டு.

அப்புறம் செய்தித்தாள்கள். சத்துவாச்சாரியில் கடையை மூடிவிட்டு வந்து நான் உட்காருவது இதற்குத்தான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மங்கிய அச்சில் உள்ள எழுத்தைக் கணினி தவறாகப் படிக்கும். அதனால் கேப்டன் பெயர், சரக்கு, துறைமுகம் என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். விபத்துக்கு அடுத்த நாள் செய்தி பெரும்பாலும் வதந்திதான். அடுத்த சில வாரங்களில் வந்த நாளிதழ்களையும் படியுங்கள். இறந்த மாலுமிகளின் பெயர்கள் அங்கேதான் வரும். அவற்றைக் கட்டாயம் குறித்து வையுங்கள், அவர்களுக்கு வேறு கல்லறை இல்லாமல் இருக்கலாம்.

கப்பல் மிஞ்சியிருக்குமா? இருக்கும். குளிர்ந்த நன்னீரில் மரம் துளைக்கும் கடற்புழு கிடையாது. கிறிஸ்துமஸ் மரங்களோடு 1912 நவம்பரில் மூழ்கிய ‘ரௌஸ் சிம்மன்ஸ்’ 1971-ல் கண்டுபிடிக்கப்பட்டது.

சரி, மூழ்கிய கப்பலில் முங்குநீச்சல்காரர்கள் எடுத்த அளவு அந்த வணிகக் கப்பல் பட்டியலோடு பொருந்துகிறதா? விஸ்கான்சின் கரைப்பக்கம் என்றால், அம்மாநில வரலாற்றுச் சங்கத்துக்கு ஆதாரங்களோடு எழுதுங்கள்.