பேட்ச் ஸ்கிரிப்டைத் திணறடித்த & குறியும் ! குறியும்

வாடிக்கையாளர் பெயரைக் கேட்டு அந்தப் பெயரில் ஃபோல்டர் உருவாக்கும் பேட்ச் ஸ்கிரிப்ட் (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) ஒன்று எங்களிடம் இருக்கிறது. "முருகன் & சன்ஸ்" என்று தட்டினால் முருகனுக்கு மட்டும் ஃபோல்டர் வரும், சன்ஸ் என்றொரு கட்டளையே இல்லை என்று பிழை வரும். காரணம், தட்டிய பெயரை வைத்திருக்கும் மாறியை %பெயர்% என்று எழுதினால், கட்டளைகளை இயக்கும் சிஎம்டி முதலில் மதிப்பை அங்கே போட்டுவிட்டு அப்புறம்தான் வரியைப் பிரித்துப் படிக்கிறது, அதனால் & குறி அடுத்த கட்டளையின் தொடக்கமாகிவிடுகிறது. மேற்கோள் குறிக்குள் போடலாம்தான், ஆனால் தட்டுபவரே ஒரு " போட்டால் அதுவும் உடையும்.

மாறியின் மதிப்பைத் தாமதமாகப் போடும் டிலேய்டு எக்ஸ்பான்ஷன் வசதியை இயக்கி "!பெயர்!" என்று மாற்றினேன். வரியைப் பிரித்த பிறகே மதிப்பு வருவதால் &, |, <, > எல்லாம் வெறும் எழுத்துகள்தான்.

ஆனால் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றும் ஃபார் லூப்பில் கவனம் வேண்டும். டிலேய்டு எக்ஸ்பான்ஷன் இயக்கத்தில் இருக்கும்போது லூப்பின் மாறியான %%அ விரிந்தால் கோப்புப் பெயரில் உள்ள ! காணாமல் போகும். அதனால் அந்த வசதியை அணைத்தே வைத்து, மதிப்பைச் சாதாரண மாறியில் போட்ட பிறகு லூப்புக்குள் செட்லோக்கல் கட்டளை மூலம் இயக்கி, சுற்று முடியும்போது அதை முடித்துவைக்கும் எண்ட்லோக்கல் கொடுக்கிறேன். எண்ட்லோக்கல் கொடுக்காமல் விட்டால் செட்லோக்கல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, 32 அடுக்கோடு பிழை வந்துவிடும்.

சரி, இன்னொன்று: தட்டுவதை வாங்கி மாறியில் போடும் செட் /பி கட்டளை கேட்கும்போது வெறும் என்டர் தட்டினால் பழைய மதிப்பே இருக்கும், கேட்பதற்கு முன் மாறியைக் காலி செய்துவிடுங்கள்.