பழைய மேக் கைக்கு வந்ததும் சுவிட்சைப் போடாதீர்கள்

1989 ஜனவரியில் வந்த ஆப்பிளின் மேகின்டாஷ் எஸ்இ/30 கம்ப்யூட்டர் பார்க்கச் சின்னப் பெட்டிதான். 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, 512 × 342 புள்ளிகள். ஆனால் உள்ளே 16 மெகாஹெர்ட்ஸ் 68030 பிராசசரும், கணக்குப் போடத் தனியாக 68882 சிப்பும் இருக்கின்றன. ராம் 128 எம்பி வரை போடலாம். அந்தக் காலத்துக்கு அது அநியாயம்!

அதனாலேயே கிடைத்தவுடன் "ஓடுதா பார்ப்போம்" என்று கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். மதர்போர்டில் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று உண்டு. பழசானால் அது கசிந்து, பக்கத்தில் இருப்பதையெல்லாம் அரித்துவிடும். முதல் வேலையாக அதைக் கழற்றுங்கள். அது இல்லாமலும் மெஷின் ஓடும். ஆனால் தேதி 1904க்குப் போய்விடும். போகட்டும்.

திறக்க டார்க்ஸ் 15 என்ற நட்சத்திர முனை ஸ்குரூ டிரைவர் வேண்டும், அதுவும் நீளமானது. இரண்டு ஸ்குரூ கைப்பிடிக் குழிக்குள் ஆழத்தில் இருக்கின்றன. பின்மூடி இறுக்கமாக வரும் என்று நெம்பாதீர்கள். பிக்சர் டியூபின் மெல்லிய கண்ணாடிக் கழுத்து அங்கேதான் இருக்கிறது; அதில் இடித்து விரிசல் விட்டால் டியூப் காலி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை வெளியேற்றப் (டிஸ்சார்ஜ்) பழகாதவர்கள் தெரிந்தவரை வைத்துக்கொண்டு திறப்பது நல்லது.

இந்த மெஷினின் பெரிய வியாதி, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள். போர்டில் சின்ன அலுமினிய டப்பா மாதிரி நிற்கும் 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் அடியில் கசியும். சத்தம் மெலிந்துபோவது, திரை முழுக்கக் குறுக்குக் கோடுகள் விழுவது எல்லாம் பெரும்பாலும் இதன் கைவரிசை. கோடுகளைப் பார்த்ததும் டியூபைச் சந்தேகப்படுவது வீண். சால்டரிங் அயர்னை வைத்தவுடன் அழுகிய மீன் வாடை வந்தால் கசிவு உறுதி. புதுசை மாட்டினால் மட்டும் போதாது, போர்டைக் கழுவவும் வேண்டும். கசிந்த திரவம் மின்சாரத்தைக் கடத்தும், செம்புப் பாதைகளையும் தின்றுகொண்டே இருக்கும்.

நான் முதல்முறை குறடால் பிடித்து இழுத்தேன். கெப்பாசிட்டரோடு அடியிலிருந்த செம்புத் திட்டும் பெயர்ந்து வந்தது. அப்புறம் தலைமுடி போன்ற கம்பியை வைத்து ஒட்டுப்போட ஒரு ராத்திரி போனது.

திரையில் குறுக்காக ஒரே ஒரு கோடு மட்டும் தெரிகிறதா? அது வேறு கதை. டியூபுக்கு மின்சாரம் தரும் அனலாக் போர்டில் சால்டர் விட்டிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

ராமை நான்கு நான்காக, ஒரே அளவில்தான் போட வேண்டும். 16 எம்பி போட்டும் 8 எம்பிக்கு மேல் வேலை செய்யவில்லையா? ராமைக் குறை சொல்லாதீர்கள்.  சிக்கல், மெஷினின் அடிப்படை நிரல் பதிந்திருக்கும் ரோம் சிப்பில்; அது 8 எம்பிக்கு மேல் பார்க்கத் தேவையான 32 பிட் முறைக்குத் தயாரானதல்ல. மோட்32 என்ற மென்பொருளைப் போட்டால் சரியாகிவிடும்.

கடைசியாக ஃபிளாப்பி டிரைவ். பழைய கிரீஸ் பசையாக இறுகியிருக்கும். துடைத்துப் புது கிரீஸ் தடவாமல் டிஸ்க்கைப் போட்டால் வெளியே வராது. பலவந்தமாக இழுத்தால் டிஸ்க்கைப் படிக்கும் மேல் ஹெட்டும் கூடவே பிய்ந்து வரும்.