கொமடோர் 64: வேலை செய்யாத ஒற்றை விசையைச் சரிசெய்தல்

1982 இல் வெளிவந்த கொமடோர் 64 கணினியில் ஒரு விசை மட்டும் வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. விசைத்தண்டின் அடியிலுள்ள, மின்சாரம் கடத்தும் ரப்பர் வில்லையிலோ அது அழுந்தித் தொடும் கார்பன் பரப்பிலோ அழுக்குப் படிந்திருக்கும். ஆகவே புது விசைப்பலகை தேடுவதற்கு முன் இதை முயன்று பாருங்கள்.

முதலில், கோளாறு உண்மையிலேயே அந்த விசையில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். என் கருத்தில் இந்த வேலையின் பாதி இதுவே. ஜாய்ஸ்டிக் இணைப்புகள் விசைப்பலகையின் கம்பித்தடங்களையே பகிர்ந்துகொள்வதால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி, பிறகு சோதியுங்கள். மொத்தமுள்ள 66 விசைகளில் 64 விசைகள் எட்டுக்கு எட்டு என்ற வலையமைப்பில் இணைக்கப்பட்டுள்ளன. எனவே 3, 4, டபிள்யூ, ஏ, எஸ், இ, இசட், இடப்பக்க ஷிப்ட் ஆகிய எட்டும் ஒன்றாகச் செயலிழந்தால், ஒரு முழுத் தடமே அறுந்திருக்கிறது என்று பொருள். அப்போது பார்க்க வேண்டியது இணைப்பானையும் விசைகளைக் கண்காணிக்கும் 6526 சில்லையும்தான். வில்லைகளைத் துடைத்துப் பயனில்லை. ரெஸ்டோர் விசை இந்த வலைக்கு வெளியே தனியாக இணைக்கப்பட்டது. பல கணினிகளில் அதைச் சட்டென்று வேகமாகத் தட்டினால்தான் வேலை செய்யும் என்பதால், அதைப் பழுதென்று எண்ணிவிடாதீர்கள். மற்ற விசைகளில் ஒன்று மட்டும் அழுத்தி அழுத்திப் பார்த்தால் எப்போதாவது எழுத்தைத் தருகிறது என்றால், அது அழுக்கின் அடையாளம்.

மின்கம்பியைக் கழற்றியபின், பெட்டியின் அடியில் முன்விளிம்பை ஒட்டியுள்ள மூன்று திருகுகளை எடுத்து, மேல்மூடியை மெதுவாகத் தூக்குங்கள். சிவப்பு விளக்கின் கம்பியும் விசைப்பலகையின் இணைப்பானும் தாய்ப்பலகையோடு கோக்கப்பட்டிருப்பதால், மூடியை ஒரேயடியாக இழுக்கக் கூடாது. இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிடுங்குங்கள்.

விசைப்பலகையை மூடியிலிருந்து கழற்றிக் கவிழ்த்தால், அதன் சுற்றுப்பலகையை இருபதுக்கும் மேற்பட்ட சிறு திருகுகள் பிடித்திருப்பதைக் காணலாம். அவற்றை எடுப்பதற்கு முன், ஷிப்ட் லாக் விசையிலிருந்து வந்து பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும் இரண்டு கம்பிகளைச் சாலிடர் இரும்பால் விடுவிக்க வேண்டும். இதை மறந்து பலகையை இழுப்பவர்கள் செப்புத் தடத்தையே கிழித்துவிடக்கூடும்; இந்த இடத்தில் மட்டும் அவசரமே வேண்டாம்.

பலகை வந்தவுடன், 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, கார்பன் பரப்புகளை அழுத்தாமல் துடையுங்கள். ரப்பர் வில்லைகளுக்கு, ஆல்கஹாலால் ஈரமாக்கிய வெள்ளைத்தாள் துண்டு ஒன்றை விரல்நுனியில் வைத்து, வில்லையின் மேல் ஓரிரு முறை தேய்த்தால் போதும். உப்புத்தாளையோ கத்தியையோ கொண்டு சுரண்டுவது கடத்தும் படலத்தையே நீக்கிவிடும் என்பதால், எவ்வளவு பிடிவாதமான கறையானாலும் அதைச் செய்யாதீர்கள். இவ்வளவு தூரம் பிரித்தபின் எல்லா விசைகளையும் துடைத்துவிடுவதே நல்லது.

துடைத்த வில்லை தேறியதா என்பதை மல்டிமீட்டரால் அறியலாம். வில்லையின் இரு ஓரங்களில் முனைகளை வைத்து ஓம் அளவைப் பார்த்து, நன்றாக வேலை செய்யும் ஒரு விசையின் வில்லையோடு ஒப்பிடுங்கள். மிக அதிகமாக வேறுபட்டால் படலம் தேய்ந்துவிட்டது. அப்போது அந்த விசையின் மூடியை நேர்மேலாக இழுத்துக் கழற்றி, சுருள்வில் தெறிக்காமல் கைவைத்துப் பிடித்து, விசைத்தண்டை அடிப்பக்கமாக எடுத்து, நீங்கள் அரிதாகவே பயன்படுத்தும் பவுண்டு குறி விசையின் தண்டோடு மாற்றிக்கொள்ளுங்கள். பென்சில் கரியைப் பூசுவது சில நாள்களுக்கு மேல் நிலைக்காது. மாற்றிப் போடுவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

திருப்பிப் பூட்டும்போது, பழைய பிளாஸ்டிக் எளிதில் விரிசல் விடும் என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு திருகையும் முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றி, அது பழைய புரியில் விழுவதை உணர்ந்தபின் வலப்பக்கம் முறுக்குங்கள். இறுக்கம் வந்தவுடன் நிறுத்திவிடுங்கள். ஷிப்ட் லாக் கம்பிகளை மீண்டும் பற்றவைத்து, மின்சாரம் இல்லாத நிலையிலேயே இணைப்பான்களைக் கோத்து, மூடியைத் திருகுவதற்கு முன் எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். அருகருகே உள்ள சில விசைகள் புதிதாக மௌனமானால், அப்பகுதியின் திருகு தளர்ந்து பலகை சற்றே விலகியிருக்கும். அந்தத் திருகை மட்டும் சிறிது இறுக்கினால் சரியாகிவிடும்.