‘மிஸ்’ என்று போட்டிருந்தால் டாக்டர் இல்லையா?

போன மாதம் ஒரு ராத்திரி. ஏற்காட்டில் மழை, கரண்ட் இல்லை. போனில் மிச்சமிருந்த சார்ஜில் ஒரு படம் வந்து விழுந்தது. இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதம். அனுப்பியவள் அம்மாபேட்டைப் பெண், கல்யாணமாகிப் போய் ஏழு மாதம்தான் ஆகிறது. கூட அழைத்துப்போன மாமியாருக்கு இல்லை, அவளுக்கே வந்த கடிதம். கீழே அவள் கேள்வி: “அக்கா, கேன்சர் இருக்கான்னு பார்க்கக் கூப்பிடறாங்க. ஆனா டாக்டர்கிட்ட அனுப்பாம யாரோ ஒரு மிஸ்கிட்ட அனுப்பறாங்களே?”

முதலில் சிரித்தேன். அப்புறம் சிரித்ததற்கு வெட்கப்பட்டேன், ஏனென்றால் அந்த ஊரில் பெண்கள் புற்றுநோய் வார்டில் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரம் நானும் இதே தப்பைத்தான் செய்தேன். ரவுண்ட்ஸ் வந்த அம்மாவை யாரோ ஆபீஸ் ஆள் என்று நினைத்து, “டாக்டர் எப்போ வருவாங்க?” என்று அவரிடமே கேட்டேன். அவர்தான் பெரிய டாக்டர்.

இங்கிலாந்தில் அறுவை செய்பவர்களை மிஸ்டர், மிஸ், மிஸஸ் என்றுதான் அழைப்பார்கள். அந்தக் காலத்தில் கத்தி பிடித்தவர்கள் பட்டம் வாங்கிய வைத்தியர்கள் இல்லை. முடி வெட்டுபவர்களோடு ஒரே சங்கத்தில் இருந்தவர்கள். அந்த அடையாளம் இன்றைக்குப் பெருமையாகிவிட்டது. மகப்பேறு, மகளிர் மருத்துவர்களும் கத்தி பிடிப்பவர்கள் என்பதால் அவர்களுக்கும் இதே வழக்கம். ஆக, கடிதத்தில் ‘மிஸ்’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் இந்தக் குழப்பம் இல்லை, எல்லோரும் டாக்டர்தான்.

சேலத்திலிருந்து புதிதாகப் போய் இறங்கியவர்கள் வீடு பிடிப்பது, பேங்க் கணக்கு, பஸ் பாஸ் பற்றியெல்லாம் என்னைவிட நன்றாகவே விசாரித்துக்கொள்கிறீர்கள். கர்ப்பப்பை, சினைப்பை சமாச்சாரம் என்றால் மட்டும் நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். ‘லேடி டாக்டர்தானே, போதும்’ என்று விட்டுவிடுவோம். போதாது. பெண் டாக்டர் என்பது வேறு, பெண்களுக்கு வரும் புற்றுநோயை ஆபரேஷன் செய்யப் பயின்றவர் என்பது வேறு. அந்த டாக்டர் ஆணாகக்கூட இருக்கலாம்.

முதலில் நம் ஊர் போர்டைப் படிக்கக் கற்றுக்கொள்வோம், அந்நிய ஊர் எளிதாகிவிடும். ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை நடந்தால் எத்தனை போர்டுகள்! எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருஷம். டி.ஜி.ஓ. என்றால் பிரசவமும் மகளிர் நோயும் படித்த டிப்ளமோ. எம்.டி. அல்லது எம்.எஸ். ஓ.ஜி. அதே துறையில் மூன்று வருஷப் பட்டம். இவர்கள்தான் நமக்குப் பிரசவம் பார்த்தவர்கள், கர்ப்பப்பைக் கட்டி எடுத்தவர்கள். அதற்கும் மேலே, பெண்களின் புற்றுநோய்க்கென்றே மூன்று வருஷம் படிக்கும் எம்.சிஎச். பட்டம் இருக்கிறது. பொது அறுவைப் பக்கமிருந்து வந்து எல்லாப் புற்றுநோய்க்கும் எம்.சிஎச். முடித்தவர்களும் கர்ப்பப்பை, சினைப்பை ஆபரேஷன்களைச் செய்கிறார்கள். இந்தப் படிப்பெல்லாம் வருவதற்கு முன்பே பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் கைப்பழக்கத்தால் தேறிய மூத்தவர்களும் உண்டு. அதனால் எழுத்தை மட்டும் எண்ணாதீர்கள், “இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்பவரா?” என்றும் கேளுங்கள்.

மகளிர் மருத்துவமும் புற்றுநோய் வைத்தியமும் ஒரே ஆளிடம் சேர்ந்ததற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. டாக்டர் வி.சாந்தா 1952இல் டி.ஜி.ஓ., 1955இல் மகப்பேறு துறையில் எம்.டி. முடித்தவர். எழும்பூர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை கிடைத்தும் போகாமல், முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கியிருந்த அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1955இல் சேர்ந்தார். 2021இல் காலமாகும் வரை அங்கேயே இருந்தார். பிரசவம் பார்க்கப் படித்த பெண்தான் கேன்சர் டாக்டர் ஆனார். அன்றைக்கு அதற்கெனத் தனிப் பட்டமில்லை, இன்றைக்கு இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நீங்கள் போயிருக்கும் ஊர். இங்கிலாந்தில் மகளிர் மருத்துவத்துக்கு ஏழு வருஷப் பயிற்சி. அதன் கடைசியிலோ அதை முடித்த பிறகோ, இரண்டு மூன்று வருஷம் புற்றுநோய் ஆபரேஷன் மட்டுமே பழகினால்தான் அந்த உபதுறைப் பெயர் கிடைக்கும். டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் பதிவேட்டில் டாக்டர் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உபதுறையும் அதில் தெரியும். அம்மாபேட்டைப் பெண்ணுக்கு நான் செய்துகொடுத்த ஒரே வேலை இதுதான். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. அந்த ‘மிஸ்’ முழுப் பயிற்சி முடித்தவர்.

அமெரிக்காவில் மகளிர் மருத்துவத்துக்கு நான்கு வருஷம் ரெசிடென்சி என்ற பயிற்சி, அதற்கு மேல் புற்றுநோய்க்கென்று குறைந்தது மூன்று வருஷம் ஃபெலோஷிப். அங்கே ஒரு விசேஷம்: ஆபரேஷன் செய்பவரே பெரும்பாலும் கீமோவும் கொடுப்பார். இங்கிலாந்தில் அப்படியில்லை. கத்தி ஒருவர், மருந்து வேறொருவர். ‘கிளினிக்கல் ஆன்காலஜிஸ்ட்’ என்று ஒருவர் வருவார். நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்கிறோமே, அந்த ரேடியேஷனையும் கீமோவையும் அவரே பார்ப்பார். முற்றிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பல நேரம் ஆபரேஷனே கிடையாது, இவர்தான் முக்கியமான டாக்டர். “ஆபரேஷன் பண்ணமாட்டேன்னுட்டாங்க, கைவிட்டுட்டாங்க” என்று ஒரு கணவர் வார்டு வாசலில் அழுததைப் பார்த்திருக்கிறேன். கைவிடவில்லை, அதுதான் சரியான வைத்தியம். ஆஸ்திரேலியாவிலும் மகளிர் மருத்துவத்துக்கு மேல் மூன்று வருஷம் தனிப் பயிற்சி. நியூசிலாந்துக்கும் சேர்த்து ஒரே கல்லூரி சான்று தருகிறது.

இன்னொரு புலம்பல் அடிக்கடி கேட்பேன்: “பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரி இருக்க, 40 மைல் தள்ளிப் போகச் சொல்றாங்க.” போங்கள். உள்ளூர் ஆஸ்பத்திரி நோயைக் கண்டுபிடிக்கும். சினைப்பைப் புற்றுநோய் போன்ற பெரிய ஆபரேஷனை, அதையே தினமும் செய்யும் மையத்துக்கு அனுப்பும். இங்கிலாந்தில் ஏற்பாடே அப்படி. இதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு, காரணம் என் சின்னம்மா.

சின்னம்மாவுக்கு வயிறு உப்பிக்கொண்டே போனது. இரண்டு வாய் சாப்பிட்டால் நிறைந்துவிடும். ‘கேஸ் டிரபிள்’ என்று ஆறு மாதம் மாத்திரை. பிறகு ஸ்கேனில் சினைப்பையில் கட்டி. ஊரில் ஒரு நர்சிங்ஹோமில் ‘சாதாரண நீர்க்கட்டிதான்’ என்று சின்னத் துளை போட்டு எடுத்தார்கள். எடுக்கும்போது கட்டி உடைந்தது. சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும் புற்றுக்கட்டி ஆபரேஷனில் உடைந்தாலே நோயின் நிலையை ஒரு படி மாற்றி எழுதுவார்கள். வயிற்றுக்குள் வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று அங்கங்கே சதை எடுத்துப் பார்க்கவும் இல்லை. மறுபடி வேறு ஊரில் வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. அந்த முதல் டாக்டர் கெட்டவர் இல்லை; எங்கள் குடும்பத்தில் நான்கு பிரசவம் பார்த்த கைராசிக்காரர். ஆனால் அது அவர் படித்த வேலை இல்லை. நாங்களும் கேட்கவில்லை. நான் கடல் தாண்டி இதே வார்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், நானும் கேட்கவில்லை.

சரி, சங்கதிக்கு வருகிறேன். டாக்டர் ஒருவரை மட்டும் தேடாதீர்கள், பின்னால் ஒரு கூட்டமே இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை ஒரு அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் கேஸாகப் பேசுவார்கள்: அறுவை செய்பவர், மருந்து கொடுப்பவர், ஸ்கேன் படிப்பவர், சதைப் பரிசோதனை செய்யும் பேத்தாலஜிஸ்ட். கடைசி ஆளை நோயாளி பார்க்கவே மாட்டார். ஆனால் அவர் கண்ணாடித் தகட்டில் பார்த்துச் சொல்வதைத்தான் மற்றவர்கள் எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ். முதல் நாளே போன் நம்பர் கொடுப்பார். டாக்டரிடம் கேட்க வெட்கப்படும் எதையும், தீட்டு, தாம்பத்தியம், சிறுநீர் அடங்காமை எதுவானாலும், அவரிடம் கேட்கலாம். நர்ஸ்தானே என்று அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

நர்ஸ்தானே என்பவர்களுக்கு இன்னொன்று. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் பயிற்சி பெற்ற நர்ஸுகள், கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற கரைசலைத் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்த்தே சோதித்தார்கள். அப்படிச் சோதித்த ஊர்களில் அந்தப் புற்றுநோயால் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2007இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. இந்தத் துறையை வளர்த்தவர்களின் படிப்பெல்லாம் இப்படிக் கலவைதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் எச்.பி.வி. கிருமி என்று காட்டி 2008இல் நோபல் வாங்கிய ஹரால்ட் சூர் ஹவுசன் வைரஸ் ஆராய்ச்சியாளர். குடும்பத்தில் வழிவழியாக வரும் மார்பக, சினைப்பைப் புற்றுக்கான ஜீன் 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1990இல் காட்டிய மேரி கிளேர் கிங் முதலில் படித்தது கணக்கு. நர்சிங் முடித்துப் போயிருக்கும் சேலத்துப் பிள்ளைகளே, உங்களுக்கும் வழி இருக்கிறது. கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி செய்யப் பயிற்சி எடுத்துச் சான்று வாங்கிய நர்ஸுகள் இங்கிலாந்தில் தனி கிளினிக்கே நடத்துகிறார்கள்.

மொழிபெயர்ப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் வெளிநோயாளி அறையில் டாக்டர் நிதானமாக, தெளிவாக, “கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் இருக்கிறது” என்று இங்கிலீஷில் சொன்னார். கணவர் நம் ஊர்ப்பக்கத்து ஆள். மனைவி பக்கம் திரும்பி, “வயித்துல சின்னப் புண்ணுங்கறாங்க, மருந்து குடுப்பாங்களாம்” என்றார். அந்த அம்மா நிம்மதியாகத் தலையாட்டினார். டாக்டருக்கோ, செய்தியை இவ்வளவு தைரியமாக ஏற்றுக்கொள்கிறாரே என்று ஆச்சரியம். மூலையில் நான் நின்றேன், இரண்டு பக்கமும் புரிந்த ஒரே ஆள். அன்பினால்தான் மறைத்தார், எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த வாரம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியது அந்த அம்மா. அங்கே ஆஸ்பத்திரியே இலவசமாக மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யும். தேதி வாங்கும்போதே “தமிழ் வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். பத்தாவது படிக்கும் மகளை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான கடிதம்: ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரிடம் பதிவு செய்துகொண்டால் 25 முதல் 64 வயது வரை இங்கிலாந்தில் அதுவே வீடு தேடி வரும். நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை, போய்விட்டு வாருங்கள். ஆஸ்திரேலியாவில் 25 முதல் 74 வரை, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. வேண்டுமானால் நீங்களே பஞ்சுக்குச்சியில் எடுத்துக் கொடுக்கலாம்.

அம்மாவை டூரிஸ்ட் விசாவில் வரவழைத்து அங்கேயே காட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இங்கிலாந்தில், விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டிய உங்களுக்கு ஆஸ்பத்திரி வைத்தியம் இலவசம். சுற்றிப் பார்க்க வந்த அம்மாவுக்கு அரசு விலையில் 150 சதவீதம் பில் வரும். அமெரிக்கா என்றால் இன்ஷூரன்ஸில் அந்த டாக்டர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

அம்மா என்றதும் ஞாபகம் வருகிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வளையம் கோக்கும் ஒரு அம்மா, வயது 58. மகள் பர்மிங்காமில். “ஒண்ணுமில்ல கண்ணு, நின்னுபோன தீட்டு ரெண்டு நாளா மறுபடி படுது” என்று போனில் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் அது புற்றுநோய், ஆனால் அந்த ஒருவர் யார் என்பது பார்த்தால்தானே தெரியும்? ஸ்கேன், சதைப் பரிசோதனை என்று எல்லாம் முடிந்து, கர்ப்பப்பை உட்சவ்வில் ஆரம்ப நிலை என்று தெரிந்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் மகள் நான் சொல்லிக்கொடுத்தபடி போனில் கேட்டாள்: “மேடம், கோபப்படாதீங்க. இந்த ஆபரேஷனை நீங்க செய்வீங்களா, இதுக்குன்னு படிச்சவங்ககிட்ட அனுப்புவீங்களா?” டாக்டரம்மா கோபப்படவில்லை. “நானே எழுதித் தரலாம்னுதான் இருந்தேன்” என்றார்.

எழுதிக் கொடுத்த சீட்டு மட்டும் போதாது. அறிக்கையோடு கூட, கண்ணாடித் தகடும் சதைத்துண்டு பதித்த மெழுகுக்கட்டியும் கையோடு கேட்டு வாங்க வேண்டும்; புது ஆஸ்பத்திரியில் அவர்கள் பேத்தாலஜிஸ்ட் மறுபடி பார்ப்பார். அது மெழுகு என்பதால், சேலத்து ஏப்ரல் வெயிலில் வண்டி டிக்கியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அந்த அம்மா மஞ்சப்பையில் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலேறினார்.