பள்ளி முடித்த பின் முடங்கிப் போகாதிருக்க: சிறப்பாசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்களுக்கான பள்ளிகளில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கச் செல்லும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே அவர்களும் அச்சுப் பிசகாமல் செய்வதைக் காண்கிறேன். பொறுமை இழக்கக் கூடாது, பிள்ளைகளைத் தாழ்த்திப் பேசக் கூடாது என்பவை அனைவரும் அறிந்தவையாதலால் அவற்றை விட்டுவிடுகிறேன். 18 வயது நிறைந்து பள்ளியை விட்டுச் செல்லும் மாணவர் வீட்டிலேயே முடங்கிவிடுவதற்குக் காரணமாகும் தவறுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

வாழ்க்கையை வகுப்பறைக்குள்ளேயே கற்பிப்பது

அட்டைக் கடிகாரம், விளையாட்டு ரூபாய் நோட்டு, மேசைமேல் காலி டப்பாக்களை அடுக்கிய 'கடை' ஆகியவற்றைக் கொண்டு மாதக்கணக்கில் பழக்கிவிட்டு, ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே இலக்குகளை வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தில் 'இலக்கு எட்டப்பட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்தில் தாமாகப் பொருத்திக்கொள்வது இம்மாணவர்களுக்குக் கடினம் என்பதைப் பயிற்சிக் காலத்தில் படித்துத் தேர்வும் எழுதியவர்கள், பணியில் சேர்ந்ததும் அதை மறந்துவிடுவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

ஒரு மாணவி வகுப்பில் 50 ரூபாய்க்கு மீதிச் சில்லறையைப் பிழையின்றி எண்ணுவாள். தெருமுனை மளிகைக் கடைக்கு அழைத்துச் சென்றபோது, பணத்தைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். அங்கே வரிசை கிடையாது. "அண்ணாச்சி, அரை கிலோ சர்க்கரை" என்று குரல் கொடுத்தவர்களுக்கே பொருள் கிடைத்தது. அவளுக்குப் பின் வந்த நான்கைந்து பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வகுப்பறைக் கடையில் ஆசிரியரே கடைக்காரர். அவள் வாய் திறக்கும்வரை அவர் காத்திருப்பார். மளிகைக் கடையில் யார் காத்திருப்பார்கள்?

ஆகவே 14 வயதிலிருந்தாவது, வாரம் ஒருமுறையேனும் உண்மையான கடையில், உண்மையான பணத்துடன் பழக்குங்கள். முதலில் அருகில் நின்று, பிறகு இரண்டடி தள்ளி நின்று, பின்னர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு, உங்கள் துணையைப் படிப்படியாகக் குறையுங்கள். பேருந்துக்கும் இதுவே வழி. தமிழ்நாட்டில் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் உடன்வரும் ஒருவரும் கட்டணமின்றிச் செல்ல 2021 முதல் வழியிருப்பதால், செலவைக் காரணம் காட்ட இடமில்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டிப் பயணச்சீட்டு வாங்குவது, இறங்குமிடம் வருமுன் படிக்கட்டருகே வந்து நிற்பது, ஏறிய பேருந்து தவறானது என்று தெரிந்தால் யாரிடம் என்ன கேட்பது என்பவற்றைப் பேருந்தில்தான் கற்பிக்க முடியும்.

தொழிற்பயிற்சியிலும் இதே தவறு நிகழ்கிறது. எல்லா ஊர்களிலும் காகித உறை, மெழுகுவத்தி, பினாயில். "பையன் உறை நன்றாகத்தான் ஒட்டுகிறான் சார், எங்கள் ஊரில் இதை யார் வாங்குவார்கள்?" என்று ஒரு தந்தை கேட்டபோது அப்பள்ளியில் யாரிடமும் பதில் இல்லை. முதலில் மாணவரின் ஊரைச் சுற்றிப் பாருங்கள். நாற்றுப்பண்ணை, பேக்கரி, அச்சகம், உணவகம் என்று அங்கு இருப்பதைப் பொறுத்துப் பயிற்சியைத் தீர்மானியுங்கள்.

மாணவருக்காக நாமே பதில் சொல்வது

கேள்வி அவரிடம் கேட்கப்பட்டிருந்தால், பத்து விநாடி வாயைத் திறக்காதீர்கள்.

18 வயதுக்குப் பிறகும் பெற்றோரே காப்பாளர் என்று எண்ணுவது

18 நிறைந்தவுடன் மாணவர் சட்டத்தின் முன் பெரியவர்; அவர் சார்பில் முடிவெடுக்கும் காப்பாளராகப் பெற்றோர் தாமாகவே நீடிப்பதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்குக் காப்பாளர் தேவைப்பட்டால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். எந்தெந்த முடிவுகளுக்கு உண்மையிலேயே துணை தேவை என்பதை மாணவரையும் உட்காரவைத்துப் பேசிய பிறகே பெற்றோரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

சான்றிதழின் தேதியைப் பார்க்காதிருப்பது

தற்காலிகமாக வழங்கப்பட்ட மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் காலாவதியாகிவிடும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் 4 சதவீத அரசு வேலை ஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும். பள்ளியில் இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள்.

வேலையில் சேர்த்ததும் கைகழுவுவது

பெரும்பாலும் வேலையில் குறை இராது. உணவு இடைவேளை முடிந்தது தெரியாமல் உட்கார்ந்திருப்பது, சொல்லாமல் விடுப்பு எடுப்பது போன்றவற்றால்தான் நிறுத்திவிடுவார்கள். முதல் மூன்று மாதங்கள் வாரம் ஒருமுறை பணியிடத்துக்குச் சென்று, மேற்பார்வையாளரிடமும் உடன் வேலை செய்பவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒரே குறையைச் சொல்வது அரிது.