தோட்டா உறையின் கழுத்தைக் கடையும்போது செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசைமேல் தாங்கவைத்துத் துல்லியமாகச் சுடும்) போட்டிக்குச் சுடுகிறவர்கள் காலி உறைகளை வீசுவதில்லை, மறுபடி நிரப்புவார்கள். குண்டைப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் குண்டு நடுவில் உட்காராது. அதற்காகத்தான் வெளிப்புறத்தை லேசாகக் கடைந்து சமப்படுத்துகிறார்கள். கையால் சுற்றினால் விரல் மரத்துப்போகும் என்று உறையைச் சீவும் கருவியான ட்ரிம்மரில் மோட்டார் வைத்ததற்கு மாறுகிறார்கள். தவறும் அங்கே வேகமாகவே நடக்கிறது.

முதல் தவறு, தேவையில்லாமல் கடைவது. .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவில் குண்டு 0.308 அங்குலம், கழுத்துச் சுவர் சுமார் 0.015. இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.338. தொழிற்சாலைத் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் கழுத்துப் பகுதி ஏறக்குறைய 0.344. ஏற்கெனவே தாராளமாக இடம் இருக்கிறது. இன்னும் சீவினால் ஒவ்வொரு சூட்டுக்கும் பித்தளை அதிகமாக விரிந்து சீக்கிரம் விரிசல் விடும். மேடான இடங்களை மட்டும் தொட்டுவிட்டு நிறுத்துங்கள்.

பெஞ்ச்ரெஸ்ட் தோட்டாவான 6 பிபிசி (6 PPC) கதை வேறு. அதற்குப் பெரும்பாலும் 0.262 அங்குல இறுக்கமான அறை, கடையாமல் முடியாது. அங்கே குறைவாகச் சீவுவதுதான் ஆபத்து. கழுத்து விரிய இடமில்லாவிட்டால் குண்டை விடாது, அழுத்தம் எகிறும். நிரப்பிய தோட்டாவின் கழுத்தை அளந்து, உங்கள் அறையின் அளவோடு ஒப்பிட்ட பிறகே சுடுங்கள்.

பெரும்பாலான கோளாறு பைலட்டில்தான். கத்தி படும்போது கழுத்தை உள்ளிருந்து தாங்கும் கம்பி அதுதான். தளர்வாக இருந்தால் உறை ஆடும், கோணல் அப்படியே தங்கும். இறுகினால் சூடேறிப் பித்தளை ஒட்டிக்கொள்ளும். அந்தப் பைலட்டுக்குப் பொருத்தமான மேண்ட்ரலால் (விரிக்கும் கம்பியால்) கழுத்தை முதலில் விரித்து, உள்ளே மசகு தடவுங்கள். மோட்டாரில் இன்னொரு தொல்லை: பைலட் சூட்டில் பருத்தால் கத்திக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்கும், அடுத்தடுத்த உறைகள் மெலிந்துகொண்டே வரும். ஆறவிடுங்கள். வேகத்தையும் குறையுங்கள், அவசரமாகத் தள்ளினால் கழுத்தில் மரை போலக் கோடு விழும்.

நீளத்தைச் சமமாக வெட்டாமல் கடைய ஆரம்பிக்காதீர்கள். பல கருவிகளில் உறையின் வாய் முட்டுவதை வைத்துத்தான் கத்தி எங்கே நிற்கும் என்பது முடிவாகிறது. கழுத்துக்குக் கீழே உறை அகலும் தோள்பட்டைக்கு முன்பே நின்றால் அங்கே தடித்த வளையம் தங்கிவிடும். ஆழமாகப் போனாலோ கழுத்தே அறுந்து அறைக்குள் மாட்டும். தோளை லேசாகத் தொட்டால் போதும்.

அளக்கச் சாதாரண காலிப்பர் சரிப்படாது. உள்வளைவில் பொருந்தும் உருண்டைமுனை மைக்ரோமீட்டர் வேண்டும். அப்புறம், உள்ளே விழுந்த பித்தளைச் சுருளைத் தட்டி எடுத்துவிட்டு மருந்து நிரப்புங்கள்.