கறுத்த காசும் கள்ளக் காசும்

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் பக்கம் சங்கு, சிப்பி மாலை விற்கிறேன். வடக்கே இருந்து வரும் யாத்ரீகர்கள் பத்து ரூபாய்க் காசைத் தாராளமாக நீட்டுவார்கள். அதையே பாம்பன் பஸ்ஸில் கொடுத்தால், "இது செல்லாதுக்கா, நோட்டு குடுங்க." இரண்டுக்கும் நடுவில் நிறைவது என் கல்லாப்பெட்டி.

நல்ல காசா, கள்ளக் காசா என்று பார்க்க, முதலில் பத்து என்ற எண்ணுக்கு மேலே இருக்கும் கதிர்க் கோடுகளை எண்ணுவதை விடுங்கள். 10 கோடு நல்லது, 15 கோடு கள்ளம், ரூபாய்க் குறி (₹) இல்லாததும் கள்ளம் என்பதெல்லாம் வெறும் புரளி. ரூபாய்க் குறி 2011இல்தான் காசில் ஏறியது; பழைய காசில் எப்படி இருக்கும்? 2018 ஜனவரி வரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி அப்போதே சொல்லிவிட்டது. ரிசர்வ் வங்கியின் 14440க்கு அடித்தால் இணைப்பு அறுந்து, அவர்களே திரும்பக் கூப்பிட்டு விவரம் சொல்வார்கள். அடம்பிடித்த ஒரு பால்காரருக்கு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன்.

பார்க்க வேண்டியது வேறு. சிங்கம் நேராக நிற்கும்படி காசை மேலும் கீழும் இரண்டு விரலால் பிடித்து, அப்படியே பக்கவாட்டில் சுழற்றுங்கள். பின்பக்கமும் நேராக வர வேண்டும். சாய்ந்து வந்தால் தனியே வையுங்கள். அடுத்து, நடுவட்டும் வெளிவளையமும் சேருமிடத்தில் நகத்தை ஓட்டுங்கள். இடைவெளி தட்டக் கூடாது. கடைசியில் எடை. ஒரு காசு 7.71 கிராம், கடைத் தராசுக்கு அது பிடிபடாது. நூறாகப் போட்டால் 771 கிராம். தேய்மானத்தில் ஒன்றிரண்டு கிராம் குறையலாம், அதற்கு மேல் குறைந்தால் பையைப் பிரித்துப் பாருங்கள்.

வங்கிக்கும் நூறு நூறாகப் பாலிதீன் பையில் கட்டிக் கொண்டுபோங்கள், எண்ணுகிறவருக்கும் சுலபம். ஒரு கிளையில், "மூட்டையைத் தூக்கிட்டு வராதீங்கம்மா" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். கணக்கில் காசு போட உச்சவரம்பே கிடையாது என்று தெரியாமல் நானும் வந்துவிட்டேன். இப்போதென்றால் எழுதிக் கேட்பேன். மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448இல் புகார் முறை கேட்கலாம். ஆனால் சரக்குக்காரரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் காசாகத் திணிக்க முடியாது. சட்டம் அவர் பக்கம்.

கள்ளக் காசு என்று தெரிந்தால் வங்கியில் வெட்டிவிடுவார்கள், நஷ்டம் நமக்கு. கள்ள நோட்டென்றால் முத்திரை குத்தி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், கேட்டு வாங்குங்கள். ஒரே தடவையில் ஐந்தோ அதற்கு மேலோ சிக்கினால் போலீஸில் வழக்குப் பதிவாகும். தெரிந்தே அடுத்தவர் தலையில் கட்டுவதும் குற்றம்தான்.

அப்புறம், கடற்காசு. யாத்ரீகர்கள் தண்ணீரில் எறிவதைப் பையன்கள் அரித்தெடுத்து வருவார்கள், உப்பேறிக் கரிக்கட்டையாக இருக்கும். நிறத்தைப் பார்த்து ஒதுக்காதீர்கள். புளி போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்தால் எழுத்து தெரியும். ஈரத்தோடு பையில் கட்டினால் மறுபடி பச்சை பூக்கும். பக்கத்துக் கடையில் இதைப் பாதி விலைக்கு வாங்குகிறார்கள். நான் பத்துக்குப் பத்தே கொடுக்கிறேன், புளிச் செலவு என்னுடையது.